பத்தியமும் கணக்கும்: நீரிழிவுள்ள குழந்தைகளுக்கான கைப்பேசி விளையாட்டுகள் – கோட்டுச்சேரிச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைகளுக்குத் தன்பராமரிப்பைக் கற்பிக்கும் நோக்கில் 1990-களிலிருந்து கணினி விளையாட்டுகளும், பின்னர்க் கைப்பேசி விளையாட்டுகளும் உருவாக்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் சிலவற்றின் அமைப்பையும் அவற்றை மதிப்பிட்ட ஆய்வுகளின் முடிவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு விளையாட்டு எதற்குப் புள்ளி வழங்குகிறதோ அதையே குழந்தை கற்றுக்கொள்கிறது என்பது இதன் மையக் கருத்தாகும். தமிழ் மருத்துவ வழக்கிலுள்ள ‘பத்தியம்’ என்னும் கருத்தாக்கத்திற்கும் இன்சுலின் மருத்துவம் வேண்டும் ‘கணக்கு’ என்னும் திறனுக்கும் இடையிலான வேறுபாடு, பரமபதம், பல்லாங்குழி ஆகிய இரு மரபு விளையாட்டுகளின் துணையுடன் தெளிவுபடுத்தப்படுகிறது. காரைக்கால் மாவட்டத்துக் கோட்டுச்சேரி போன்ற ஊரில் இத்தகைய விளையாட்டு பயன்படவேண்டுமாயின் அது நிறைவு செய்யவேண்டிய தேவைகள் தொகுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: முதல் வகை நீரிழிவு, கைப்பேசி விளையாட்டு, தன்பராமரிப்பு, பத்தியம், பல்லாங்குழி, பரமபதம், கோட்டுச்சேரி, காரைக்கால்.

1. முன்னுரை

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு நிலப்பிரிவுகளுள் காரைக்கால் ஒன்று. புதுச்சேரி நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், காவிரிப் படுகையின் கடைமடையில், தமிழகத்தின் மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களால் சூழப்பட்டு அமைந்துள்ளது. காரைக்கால் நகரிலிருந்து தரங்கம்பாடி நோக்கி வடக்கே செல்லும் சாலையில் உள்ள கொம்யூன் பஞ்சாயத்து கோட்டுச்சேரி. நெல்வயலும் கடற்கரையும் அருகருகே அமைந்த ஊர் இது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்ற ‘இண்டியாப்’ ஆய்வின் நாடளாவிய முடிவுகள் 2023-இல் வெளியாயின. இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்று அவ்வாய்வு மதிப்பிட்டது. மாநிலவாரியான விகிதத்தில் கோவா 26.4 விழுக்காட்டுடன் முதலிடத்திலும் புதுச்சேரி 26.3 விழுக்காட்டுடன் அடுத்த இடத்திலும் உள்ளன. வயதுவந்தோரில் ஏறத்தாழ நால்வருள் ஒருவருக்கு நீரிழிவு உள்ள நிலப்பகுதியில் ஒரு குழந்தைக்கு நீரிழிவு கண்டறியப்படும்போது, அக்குடும்பத்திற்கு அந்நோயின் பெயர் முன்பே தெரிந்திருக்கும். தாத்தாவின் மாத்திரை, பாட்டியின் பாகற்காய்ச் சாறு, அண்டை வீட்டாரின் அறிவுரை எனப் பலவும் அப்பெயருடன் சேர்ந்தே வரும். ஆனால் அவர்கள் அறிந்தது இரண்டாம் வகை நீரிழிவு. குழந்தைக்குப் பெரும்பாலும் வந்திருப்பது முதல் வகை. பெயர் ஒன்றாக இருப்பதால் மருத்துவமும் ஒன்றே எனக் கருதும் நிலை ஏற்படுகிறது. இந்தக் குழப்பத்தால் இன்சுலின் நிறுத்தப்படுமாயின் குழந்தையின் உயிருக்கே இடர் நேரும்.

பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 20 வயதுக்குட்பட்ட முதல் வகை நீரிழிவாளர்கள் மிகுதியாக உள்ள நாடு இந்தியா. அவர்களின் எண்ணிக்கை சுமார் 2.29 இலட்சம். இவர்களுள் ஒவ்வொருவரும் நாள்தோறும் பலமுறை சிறு முடிவுகளை எடுத்தாக வேண்டும். அம்முடிவெடுக்கும் திறனைக் குழந்தைக்குப் பயிற்றுவிக்கும் கருவியாகக் கைப்பேசி விளையாட்டு எந்த அளவுக்குப் பயன்படும் என்பதே இக்கட்டுரையின் வினா.

2. குழந்தை கற்க வேண்டியவை

முதல் வகை நீரிழிவில், கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா உயிரணுக்களை உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே அழித்துவிடுகிறது. இனிப்பு மிகுதியாக உண்டதால் வருவதன்று இது. இன்சுலின் இல்லாத நிலையில், குருதியில் குளுக்கோஸ் நிறைந்திருந்தும் உயிரணுக்கள் பட்டினி கிடக்கின்றன. உடல் கொழுப்பை எரிக்கிறது. கீட்டோன்கள் பெருகிக் குருதி அமிலத்தன்மை அடைகிறது. கீட்டோன் அமிலமிகை எனப்படும் இந்நிலை உரிய மருத்துவம் கிட்டாவிடில் உயிரைப் பறிக்கும். 1922 சனவரியில் டொராண்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முறையாக இன்சுலின் செலுத்தப்படும் வரை, இந்நோய் கண்ட குழந்தைகள் உயிர்வாழ்ந்தது சில காலமே.

இன்சுலின் உயிரைக் காக்கிறது. எனினும் அதனைச் செலுத்தும் வேலையை நாள்தோறும் மனிதரே செய்ய வேண்டியுள்ளது. நலமான உடலில் கணையம் தானே செய்யும் பணியை இங்குக் குழந்தையும் பெற்றோரும் செய்கின்றனர். அப்பணியின் கூறுகள் ஐந்து. முதலாவது, குருதிச் சர்க்கரையை அளந்து அவ்வெண்ணின் பொருளை உணர்தல். இரண்டாவது, உணவிலுள்ள மாவுச்சத்தின் அளவைக் கணித்தல். மூன்றாவது, மருத்துவர் வகுத்த முறைப்படி இன்சுலின் செலுத்துதல். நான்காவது, ஓட்டமும் ஆட்டமும் சர்க்கரையைக் குறைக்கும் என்பதை அறிந்து முன்கூட்டியே ஆயத்தமாதல். ஐந்தாவது, தாழ்சர்க்கரை நிலையை உணர்ந்து உடனே செயற்படுதல்.

இவற்றுள் ஐந்தாவது பொழுது தாழ்த்த இயலாதது. குருதிச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி, எரிச்சல் ஆகியவை தோன்றும். விழிப்புடன் உள்ள குழந்தைக்கு 15 கிராம் அளவில் விரைந்து செரிக்கும் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை தந்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும் என்பது பரவலான வழிமுறை. சிறு குழந்தைகளுக்கு அளவு இதனினும் குறைவு. நினைவிழந்த குழந்தையின் வாயில் எதையும் ஊட்டக்கூடாது. இச்செய்திகளை ஒரு துண்டறிக்கையில் அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். ஆனால் உச்சி வெயிலில் கபடி ஆடிக்கொண்டிருக்கும் பத்து வயதுச் சிறுவன், கை நடுங்குவதை உணர்ந்து ஆட்டத்தை விட்டு வெளியே வந்து சட்டைப்பையிலுள்ள குளுக்கோஸை உண்ண வேண்டுமானால், அதற்குத் துண்டறிக்கை போதாது. பலமுறை செய்து பார்த்த பழக்கம் தேவை. உண்மையான தாழ்சர்க்கரையை வரவழைத்துப் பழக்க இயலாது. உடலுக்குத் தீங்கின்றித் தவறு செய்து பார்க்கும் வாய்ப்பை விளையாட்டு தருகிறது. கல்விக் கருவி என்னும் நிலையில் அதன் தனிச்சிறப்பு இதுவே.

3. சொல்லும் பொருளும்: சர்க்கரை, ஊசி, பத்தியம்

தமிழில் இக்கல்வியைத் தருவோர் முதலில் எதிர்கொள்வது சொற்களின் சுமையை. ‘நீரிழிவு’ என்னும் சொல் நோயின் குறியை, அதாவது மிகுதியாகச் சிறுநீர் கழிவதைக் கொண்டு அமைந்தது. சித்த மருத்துவத்தில் வழங்கும் ‘மதுமேகம்’ சிறுநீரின் இனிப்பைச் சுட்டுவது. மக்கள் வழக்கில் நிலைபெற்றவையோ ‘சர்க்கரை நோய்’, ‘சுகர்’ என்பவை. இங்குக் கடையில் வாங்கும் பண்டமும் குருதியில் ஓடும் குளுக்கோஸும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. இதனால் குழந்தை ஒரு தவறான முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறது: ‘நான் சர்க்கரை தின்றேன், அதனால் சர்க்கரை நோய் வந்தது.’ குற்றவுணர்வு இங்கே தொடங்குகிறது. மேலும், தாழ்சர்க்கரை நேர்கையில் சர்க்கரையே மருந்தாகும் என்பது இச்சொல்வழக்கில் முரணாகத் தோன்றுகிறது. ‘சுகர்காரப் பிள்ளைக்குச் சர்க்கரை கொடுக்காதே’ என்று அன்பினால் தடுக்கும் உறவினர் இடரான தருணத்தில் தடையாகிவிடக்கூடும்.

‘ஊசி’ என்னும் சொல்லின் நிலையும் ஒத்ததே. அடம் பிடிக்கும் குழந்தையிடம் ‘ஊசி போட்டுவிடச் சொல்வேன்’ என்று மிரட்டுவது தமிழ் வீடுகளில் அறியாத வழக்கன்று. தண்டனையாகச் சொல்லப்பட்ட ஒன்றை நாள்தோறும் பலமுறை ஏற்க வேண்டிய குழந்தை அதனைத் தன் குற்றத்தின் விளைவாகக் கருதுவதில் வியப்பில்லை.

இவ்விரண்டினும் ஆழமாக வேரூன்றியது ‘பத்தியம்’ என்னும் கருத்தாக்கம். மருந்துண்ணும் காலத்தில் சிலவற்றை விலக்குதல், நோய் நீங்கியதும் வழக்கமான உணவுக்குத் திரும்புதல் என்பது பத்தியத்தின் அமைப்பு. அதற்கு முடிவு நாள் உண்டு. அதில் உணவுப் பொருள்கள் ஆகும், ஆகாது என இரு கூறாகப் பிரிகின்றன. முதல் வகை நீரிழிவுக்கு இவ்விரண்டும் பொருந்துவதில்லை. இது வாழ்நாள் முழுவதும் தொடர்வது. வளரும் குழந்தைக்கு மற்றக் குழந்தைகளைப் போன்றே நிறைவான உணவு தேவை. இங்கு முதன்மையான வினா ‘எது ஆகும்?’ என்பதன்று, ‘எவ்வளவு, எப்போது, எவ்வளவு இன்சுலினுடன்?’ என்பதே. ஆகவே, குழந்தையும் குடும்பமும் பத்திய மனநிலையிலிருந்து கணக்கு மனநிலைக்கு மாற வேண்டியுள்ளது. விளையாட்டுகளை மதிப்பிடும் அளவுகோலாக இவ்வேறுபாட்டைக் கொள்ளலாம்.

4. விளையாட்டுகளின் வளர்ச்சியும் மதிப்பீடுகளும்

நீரிழிவுக் கல்விக்கான காணொளி விளையாட்டுகளுள் முன்னோடியாகக் கருதத்தக்கது 1992-இல் அமெரிக்காவில் ரேயா சிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘கேப்டன் நோவோலின்’. இன்சுலின் தயாரிக்கும் நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தின் ஆதரவில், சூப்பர் நிண்டெண்டோ கருவிக்காக உருவானது இது. நீரிழிவுள்ள வீரன் ஒருவன், நொறுக்குத் தீனி வடிவில் வரும் வேற்றுக்கோள் பகைவரிடமிருந்து தப்பி, அவர்கள் சிறைப்பிடித்த நகரத் தலைவரை மீட்பதே கதை. நீரிழிவுள்ளவனைக் கதைத்தலைவனாக்கியது இதன் சிறப்பு. உணவைப் பகைவனாக்கியது இதன் குறை. மேற்கூறிய அளவுகோலில் இது பத்திய மனநிலையின் வெளிப்பாடு எனலாம்.

மூன்றாண்டுகளில் அதே நிறுவனம் உருவாக்கிய ‘பாக்கி அண்டு மார்லன்’ (1995) வேறு திசையில் சென்றது. நீரிழிவுள்ள இரு யானைக்குட்டிகள் கோடைக்கால முகாமுக்குச் செல்கின்றன. அங்கே உணவும் மருத்துவப் பொருள்களும் சிதறிப்போயுள்ளன. அவற்றைத் தேடிச் சேர்ப்பதுடன், விளையாடுபவர் தம் யானைக்குட்டியின் சர்க்கரையை அளந்து, வேளைக்கேற்ற உணவையும் இன்சுலினையும் தேர்ந்து, அதனை நலமாக வைத்திருக்க வேண்டும். இருவர் சேர்ந்து ஆடும் வசதியும் உண்டு. இங்கு உணவு சமன்பாட்டின் ஓர் உறுப்பாகிறது.

இவ்விளையாட்டைப் பற்றிய ஆய்வு 1997-இல் வெளியானது. 8 முதல் 16 வயதுவரையிலான 59 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழுவினருக்கு இவ்விளையாட்டும் மற்றக் குழுவினருக்கு உடல்நலத்தோடு தொடர்பற்ற பொழுதுபோக்கு விளையாட்டும் ஆறு மாதங்களுக்கு வழங்கப்பட்டன. விளையாடிய குழுவில் அவசர மருத்துவ வருகைகள் 77 விழுக்காடு குறைந்தன என்னும் செய்தி இன்றுவரை பல கட்டுரைகளில் எடுத்தாளப்படுகிறது. ஆய்வாளர்கள் இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பங்கேற்றோர் எண்ணிக்கை சிறிது; அவசர வருகைகள் பற்றிய முடிவு புள்ளியியலில் வழக்கமாகக் கொள்ளப்படும் 0.05 என்னும் உறுதி எல்லையை எட்டவில்லை. அவ்வெல்லையைக் கடந்தவை வேறு இரண்டு: பெற்றோருடன் நீரிழிவைப் பற்றிப் பேசுதல், அன்றாடத் தன்பராமரிப்பு. நோயறிவிலும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அதாவது, விளையாட்டு குழந்தையின் தகவலறிவை உயர்த்தியதைவிட, அதன் பேச்சையும் பழக்கத்தையும் மாற்றியது. மிகுதியாகப் பேசப்படும் 77 என்னும் எண்ணைவிட இம்முடிவே கல்வியாளருக்குப் பயன்மிக்கது.

அடுத்த கட்டத்தில் விளையாட்டும் அளவுமானியும் இணைந்தன. பால் வெசல் என்பவரின் மகன் குளுக்கோமீட்டரை அடிக்கடி தொலைத்தான். ஆனால் கேம் பாய் விளையாட்டுக் கருவியை ஒருபோதும் தொலைக்கவில்லை. இதைக் கண்ட தந்தையின் எண்ணத்தில் உருவானது ‘குளுக்கோபாய்’. இதன் வழியில் பேயர் நிறுவனம் நிண்டெண்டோ டிஎஸ் கருவியுடன் இணையும் ‘டிட்ஜெட்’ என்னும் மானியை வெளியிட்டது. சீராக அளந்தால் புள்ளிகள் சேரும். அப்புள்ளிகளால் விளையாட்டின் புதிய நிலைகள் திறக்கும்.

திறன்பேசிகள் பரவியபின் 2012-இல் வியன்னாவில் தோன்றிய ‘மைசுகர்’ செயலி, நீரிழிவை ஒரு குட்டி அரக்கனாக உருவகித்து, ஒவ்வொரு பதிவுக்கும் புள்ளி தந்து அதனைப் ‘பழக்கும்’ முறையைக் கையாண்டது. 2017-இல் அதனை ரோஷ் நிறுவனம் வாங்கியது. அரக்கனைக் கொல்வது என்னாமல் பழக்குவது என அமைத்திருப்பது நுட்பமானது; நீங்காத நோயுடன் வாழ்தலை அது உணர்த்துகிறது.

இன்சுலின் பிறந்த டொராண்டோ நகரில் உருவான ‘பேண்ட்’ செயலியின் வரலாறு படிப்பினை மிக்கது. 2012-இல் வெளியான அதன் முன்னோட்ட ஆய்வில் 12 முதல் 16 வயதுவரையிலான 20 பேர் 12 வாரங்கள் பங்கேற்றனர். அளந்து பதிவதற்குப் புள்ளிகளும், அப்புள்ளிகளுக்கு இசைப் பதிவுகள், செயலிகள் போன்ற பரிசுகளும் வழங்கப்பட்டன. நாளொன்றுக்கு அளக்கும் முறைகளின் சராசரி 2.4-இலிருந்து 3.6 ஆக உயர்ந்தது. பின்னர் 92 பேரைக் கொண்டு ஓராண்டு நடத்தப்பட்டு 2017-இல் வெளியான பெரிய ஆய்வில், செயலியைப் பயன்படுத்திய குழுவுக்கும் பயன்படுத்தாத குழுவுக்கும் இடையே எச்பிஏ1சி அளவில் வேறுபாடு காணப்படவில்லை. தொடக்கத்தில் தோன்றும் ஆர்வத்தை நெடுங்காலப் பயனாகக் கொள்ளலாகாது என்பதை இவ்விரு ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது உணரலாம்.

5. இந்திய முன்னோடி முயற்சிகள்

கைப்பேசி விளையாட்டின் வழி உடல்நலக் கல்வி தருவது இந்தியாவுக்குப் புதிதன்று. தில்லியைச் சேர்ந்த இசட்எம்க்யூ நிறுவனம் 2005 உலக எய்ட்ஸ் நாளில் எச்ஐவி விழிப்புணர்வுக்கான கைப்பேசி விளையாட்டுகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று மட்டைப்பந்தை அடிப்படையாகக் கொண்டது. திறன்பேசி பரவாத காலத்தில், எளிய கைப்பேசிகளில் இயங்குமாறு அவை அமைக்கப்பட்டன.

நீரிழிவைப் பொறுத்தவரை, சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான ஆய்வு குறிப்பிடத்தக்கது. நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுந்த 537 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு வாழ்முறை பற்றிய குறுஞ்செய்திகள் ஈராண்டுகள் தொடர்ந்து அனுப்பப்பட்டன. 2013-இல் வெளியான முடிவின்படி, குறுஞ்செய்தி பெற்றோரில் 18 விழுக்காட்டினருக்கும் பெறாதோரில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. இது வயதுவந்தோருக்கான தடுப்பு ஆய்வு; குழந்தைகளுக்கோ முதல் வகைக்கோ நேரடியாகப் பொருந்தாது. எனினும், விலை குறைந்த எளிய தொழில்நுட்பமும் பெறுபவரின் சூழலுக்கேற்ற செய்தியும் இணைந்தால் பயன் விளையும் என்பதற்கு நம் மண்ணிலிருந்தே கிடைத்த சான்று இது.

6. பரமபதமும் பல்லாங்குழியும்

விளையாட்டின் வழி ஒழுக்கமும் அறிவும் புகட்டும் மரபு தமிழருக்கு உண்டு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடப்படும் பரமபதம் அதற்கு எடுத்துக்காட்டு. நற்செயல் ஏணியாகவும் தீச்செயல் பாம்பாகவும் அமைந்து, ஆடுபவர் தாயக்கட்டையின் எண்ணுக்கேற்ப ஏறியும் இறங்கியும் வீடுபேற்றை அடைகிறார். அறநெறியை உணர்த்துவதில் வெற்றிபெற்ற வடிவம் இது. நீரிழிவு பற்றி விளையாட்டு அமைக்க முற்படுவோர் பலருக்கு முதலில் தோன்றுவதும் இவ்வடிவமே: காய்கறி ஏணி, இனிப்பு பாம்பு; 120 என்னும் எண் ஏணி, 300 என்னும் எண் பாம்பு.

இவ்வமைப்பு முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைக்கு இருவகையில் தீங்கு செய்யும். ஒன்று, சர்க்கரையின் ஏற்றத்தை அது குற்றமாக்குகிறது. காய்ச்சல், வளரிளம்பருவ இயக்குநீர்கள், மன அழுத்தம், ஊசியிடும் இடம் எனக் குழந்தையின் கையில் இல்லாத பல காரணங்களாலும் அளவு ஏறும். இரண்டு, எண்ணுக்குத் தண்டனை உண்டென்றால் எண்ணை மறைக்கும் பழக்கம் பிறக்கும். அளக்காமல் விடுதல், பதிவேட்டில் பொய்யெண் எழுதுதல் ஆகியவை வளரிளம்பருவத்தினரிடம் மருத்துவர்கள் அடிக்கடி காணும் நிகழ்வுகள். பொய்யெண்ணை நம்பி மருத்துவர் இன்சுலின் அளவை மாற்றினால் விளைவு கடுமையாக இருக்கும். பாம்புக்கு அஞ்சும் விளையாட்டு இப்பழக்கத்தையே வளர்க்கும்.

பல்லாங்குழி வேறு வகையினது. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். புளியங்கொட்டையோ சோழியோ மஞ்சாடியோ காய்கள். ஒரு குழியிலுள்ளதை எடுத்து ஒவ்வொன்றாக அடுத்தடுத்த குழிகளில் இட்டுச் செல்ல வேண்டும். எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே முடியும் என்று முன்னரே கணிப்பவர் வெல்கிறார். இங்கு நற்குழி, தீக்குழி என்னும் பிரிவில்லை. இருப்பதைப் பங்கிடுவதே ஆட்டம். தோற்றவர் ஒழுக்கம் தவறியவராகார், கணக்குத் தவறியவராவார். அடுத்த ஆட்டத்தில் அதனைத் திருத்திக்கொள்ளலாம்.

இவ்வடிவத்தைக் கைப்பேசித் திரையில் அமைக்கும் வழியொன்றை இங்கு முன்மொழியலாம். ஒருபக்க ஏழு குழிகளைக் காலை உணவு, பள்ளி இடைவேளை, மதிய உணவு, மாலைச் சிற்றுணவு, ஆட்ட நேரம், இரவு உணவு, உறக்கத்துக்கு முந்தைய நேரம் எனக் கொள்க. ஒரு காய் 15 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர இட்லி ஏறத்தாழ ஒரு காய். 50 கிராம் சோறு ஒரு காய். 100 கிராம் மாம்பழச் சதை ஒரு காய். மீனுக்குக் காய் இல்லை. எதிர்ப்பக்க ஏழு குழிகள் அவ்வவ் வேளையின் இன்சுலினுக்கும் உடலுழைப்புக்கும் உரியவை. இருபக்கமும் ஈடாகும்போது கதைமாந்தராகிய குழந்தை நலமாக ஓடியாடுகிறது. ஈடாகாதபோது அதன் கை நடுங்குகிறது அல்லது தாகம் எடுக்கிறது. அறிகுறியைக் கண்டு ஏற்ற செயலைச் செய்தால் ஆட்டம் தொடர்கிறது. அளந்து பார்த்ததற்கு எப்போதும் புள்ளி உண்டு; அளவு எதுவாயினும் புள்ளி குறைவதில்லை.

நாளொன்றுக்கு இருமுறை கலப்பு இன்சுலின் செலுத்திக்கொள்ளும் குழந்தைகளுக்கும் இவ்வமைப்பு பொருந்தும். அவர்களுக்கு இன்சுலின் பக்கக் காய்கள் மருத்துவரால் முன்னரே இடப்பட்டவை. உணவுப் பக்கத்தை அதற்கேற்ப வேளை தவறாமல் நிரப்பக் கற்பதே அவர்களின் ஆட்டம்.

7. கோட்டுச்சேரிச் சூழல்

டொராண்டோவிலோ வியன்னாவிலோ அமைந்த விளையாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தால் மட்டும் போதாது என்பதைக் கோட்டுச்சேரியை அளவுகோலாகக் கொண்டு காணலாம்.

முதலாவது, உணவு. ரொட்டித் துண்டுக்கும் பாஸ்தாவுக்கும் கணக்குக் கற்ற குழந்தைக்கு அது ஏட்டுச் சுரைக்காய். பழைய சோறு, இட்லி, இடியாப்பம், மீன்குழம்புச் சோறு, நோன்புக் கஞ்சி, பொங்கல் ஆகியவையே இங்குக் கணக்கில் வரவேண்டும். அளவை வீட்டிலுள்ள கரண்டியாலும் கிண்ணத்தாலும் காட்ட வேண்டும்.

இரண்டாவது, திருவிழா. காரைக்காலில் ஆனி முழுநிலவையொட்டி நடைபெறும் மாங்கனித் திருவிழாவில், பிச்சாண்டவர் வீதியுலாவின்போது வீடுகளின் மேலிருந்து மாம்பழங்கள் இறைக்கப்படுகின்றன. மக்கள் அவற்றைப் பிரசாதமாகப் பிடித்து உண்கின்றனர். ‘உனக்கு மாம்பழம் கூடாது’ என்று அன்று சொல்லப்படும் குழந்தை, பழத்தை மட்டும் இழப்பதில்லை; ஊரின் மகிழ்விலிருந்தே விலக்கப்படுகிறது. ‘எவ்வளவு உண்ணலாம், எந்த வேளையின் கணக்கில் சேர்க்கலாம்’ என்று கற்பிக்கும் ஒரு கட்டம் விளையாட்டில் இருக்குமாயின், பத்தியத்திலிருந்து கணக்குக்கு மாறுவதன் பொருள் குழந்தைக்கும் பாட்டிக்கும் ஒருசேர விளங்கும்.

மூன்றாவது, புயலும் மின்தடையும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயலுக்குப்பின் காவிரிப் படுகையின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசில் காக்கப்பட வேண்டியது. திறந்து பயன்படுத்துவது கடும் வெப்பம் படாமல் இருந்தால் பெரும்பாலும் நான்கு வாரங்கள்வரை பயன்படும். குளிர்பதனப் பெட்டி இயங்காத நாள்களில், ஈர மணலுடன் கூடிய மண்பானை முறை உள்வெப்பத்தைத் தணிக்கும். இன்சுலினைப் பானை நீரில் நேரே நனையவிடாமல் வைப்பதும், உறையவைக்கக்கூடாது என்பதும் விளையாட்டின் ஒரு கட்டமாகலாம். மேலைநாட்டு விளையாட்டு எதிலும் எதிர்பார்க்க இயலாத பாடம் இது.

நான்காவது, செலவு. அடிக்கடி அளப்பதற்குப் புள்ளி தரும் டொராண்டோ முறை, அளவுப் பட்டைகள் தடையின்றிக் கிடைக்கும் என்னும் எண்ணத்தில் அமைந்தது. பட்டைகளை எண்ணிச் செலவிடும் குடும்பத்தில் அம்முறை ஏழ்மைக்குத் தண்டனையாகிவிடும். ஆகவே, மருத்துவர் அக்குழந்தைக்குக் குறித்த முறைகளை நிறைவு செய்தாலே முழுப்புள்ளி என அமைவது நேர்மையானது.

ஐந்தாவது, கைப்பேசி யாருடையது என்பது. பல குடும்பங்களில் திறன்பேசி தந்தையுடையதோ தாயுடையதோ ஆகும். மாலையில் சிறிது நேரமே குழந்தையின் கைக்கு வரும். எனவே விளையாட்டு இணைய இணைப்பின்றி இயங்க வேண்டும். பத்து நிமிடத்தில் ஒரு சுற்று முடிய வேண்டும். இதனைக் குறையாக மட்டும் கருத வேண்டியதில்லை. 1997 ஆய்வில் உறுதிப்பட்ட பயன்களுள் ஒன்று பெற்றோருடனான உரையாடல். ஒரே கைப்பேசியில் தாயும் குழந்தையும் எதிரெதிர் குழிகளை ஆடும் வடிவம் அவ்வுரையாடலைத் தானே தோற்றுவிக்கும்.

ஆறாவது, பள்ளி. முதல் வகை நீரிழிவுள்ள மாணவர்கள் தேர்வறைக்குச் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி, குடிநீர் ஆகியவற்றைக் கொண்டுசெல்ல மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-இல் இசைவளித்தது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அண்மையில் அவ்வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறியிருப்பதால் காரைக்கால் மாணவர்க்கும் இது நேரடிப் பொருளுடையது. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2013-இல் தொடங்கிய பள்ளிக் குழந்தைகளுக்கான நீரிழிவுக் கல்வித் திட்டம் முதலில் செயற்பட்ட நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. வகுப்புத் தோழர்களும் ஆடக்கூடிய விளையாட்டாக இது அமைந்தால், கை நடுங்கும் தோழனை அடையாளம் கண்டு ஆசிரியரை அழைக்க அவர்களும் கற்பர்.

8. எல்லைகளும் பாதுகாப்பும்

இவ்விளையாட்டு, குழந்தையின் உண்மையான இன்சுலின் அளவைக் கணித்துச் சொல்லலாகாது. அளவை வகுப்பது மருத்துவரின் பணி. விளையாட்டில் வருவன கற்பனை மாந்தரின் கணக்குகளே என்பது ஒவ்வொரு சுற்றிலும் தெளிவாக்கப்பட வேண்டும். நோயை நிர்வகிக்கும் மென்பொருள்களும் 2020 ஏப்பிரல் முதல் இந்திய மருத்துவக் கருவி விதிகளின் வரம்புக்குள் வருவதால், கல்வி விளையாட்டுக்கும் மருந்தளவு கணிக்கும் செயலிக்கும் இடையிலான கோட்டைக் கவனத்துடன் வரைவது சட்டப்படியும் தேவையானது.

தரவுகளைக் காப்பதும் இன்றியமையாதது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனியர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலை வேண்டுகிறது. குழந்தைகளைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைக்கும் விளம்பரத்தையும் தடுக்கிறது. நோய்ச்செய்தி வெளியாவது, குறிப்பாகப் பெண்குழந்தைகளின் வருங்காலத் திருமணத்தை எண்ணி நோயை மறைக்கும் குடும்பங்களுக்குப் பெரும் அச்சம் தருவது. ஆகவே தரவு கைப்பேசியை விட்டு வெளியேறாத அமைப்பே ஏற்றது.

இறுதியாக, விளையாட்டு இன்சுலினுக்கோ செவிலியின் நேரடிப் பயிற்சிக்கோ மாற்றாகாது. மருந்தும் பட்டையும் கிடைக்காத இடத்தில் விளையாட்டால் பயனில்லை. அவை கிடைத்தும், அச்சத்தாலும் குழப்பத்தாலும் பயன்படாமற்போகும் இடத்தில்தான் அதற்குப் பணி உண்டு.

9. முடிவுரை

முப்பதாண்டு முயற்சிகளிலிருந்து பெறப்படுவன மூன்று. விளையாட்டு நோயறிவைப் பெருக்குவதைவிடப் பழக்கத்தையும் குடும்ப உரையாடலையும் மாற்ற வல்லது. தொடக்க ஆர்வத்தால் விளையும் மாற்றம் நெடுநாள் நிலைக்கும் என்பதற்குச் சான்று குறைவு. ஆகவே தமிழில் உருவாக்கப்படும் எவ்விளையாட்டும் குறைந்தது ஓராண்டேனும் பின்தொடர்ந்து மதிப்பிடப்பட வேண்டும். எண்ணுக்குப் பரிசும் தண்டனையும் தரும் அமைப்பைவிட, அளத்தலுக்கும் ஏற்ற செயலுக்கும் மதிப்பளிக்கும் அமைப்பே குழந்தையை உண்மை பேச வைக்கும்.

தமிழாய்வாளர்க்கும் இதில் பணி உண்டு. குற்றவுணர்வைத் தூண்டாத சொற்களைத் தேர்தல், வட்டார உணவுகளின் மாவுச்சத்து அளவை வீட்டு அளவைகளில் தொகுத்தல், மரபு விளையாட்டுகளின் ஆட்டவிதிகளைக் கல்வி நோக்கில் ஆராய்தல் ஆகியவை மருத்துவரும் மென்பொருளாளரும் தனித்துச் செய்ய இயலாதவை. காரைக்காலிலுள்ள ஜிப்மர் கிளை மருத்துவக் கல்லூரியும் அரசுப் பொது மருத்துவமனையும் பள்ளிகளும் தமிழ்த்துறைகளும் ஒன்றிணைந்தால், கோட்டுச்சேரியின் ஒரு வகுப்பறையிலேயே இம்முயற்சியைத் தொடங்கிச் சோதித்துப் பார்க்கலாம். தொடக்கத்தில் கைப்பேசிகூடத் தேவையில்லை. ஒரு பல்லாங்குழிக் கட்டையும் ஒரு பிடி புளியங்கொட்டையும் போதும்.